ரஹீமா ஏன் கையைக் கட்டினாள்

மென்பொருள் வேலையில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தைக்கு என்னிடம் எப்போதுமே தட்டுப்பாடு. வேலையில் இருந்த காலத்தில் நான் வருவதைப் பார்த்தாலே பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஓய்வு பெற்றதும் குணம் மாறிவிடுமா என்ன? இப்போது சிட்லபாக்கத்தில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு தண்ணி கேன் போடுகிறவரோடு சண்டை போடுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஊக்கம், கனவு, உயரம் இதெல்லாம் வேண்டுமென்றால் வேறு யாரையாவது பிடியுங்கள். நான் ஒரே ஒரு வரி நிரலைப் பற்றிச் சொல்கிறேன். அந்த வரியால் ஒருவர் செத்தார் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வரியால் ஒரு பெண்ணின் பேர் நாறிப்போனது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

முதலில் அந்த வரி என்ன என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லாருமே அதை எழுதியிருப்பீர்கள். இல்லை என்று தலையாட்ட வேண்டாம். திரையில் ஒரு பட்டியலைக் காட்ட வேண்டும், அதை வரிசைப்படுத்திக் கொடுக்க ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு நிரல் துண்டு, இருக்கிறது என்று வையுங்கள். அதை ஒரு முறை கூப்பிட்டு, கிடைத்த விடையைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, திரை எப்படித் தெரிய வேண்டும் என்று எழுதும் டெம்ப்ளேட்டில் அந்த விடையை மட்டும் காட்டலாம். சோம்பேறித்தனம் வந்தால் டெம்ப்ளேட்டுக்குள்ளேயே ஃபங்ஷனின் பெயரை எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு முடித்துவிடலாம். பார்க்கச் சுத்தமாக இருக்கும். உங்கள் புது லேப்டாப்பில் ஜம்மென்று ஓடும். ஆனால் நாங்கள் பயன்படுத்திய ஃப்ரேம்வொர்க், திரையில் ஏதாவது மாறியிருக்குமோ என்று சந்தேகம் வரும்போதெல்லாம் அந்த ஃபங்ஷனை முதலிலிருந்து மறுபடி கூப்பிடும். ஒரு எழுத்தைத் தட்டினால் கூப்பிடும். திரையில் வரைபடம் இருந்து, அது மவுஸைக் கவனித்துக்கொண்டிருந்தால், மவுஸ் நகர்ந்தாலே கூப்பிடும். வீட்டில் யார் குறுக்கே நடந்தாலும் சமைக்கிறவர் அடுப்பை அணைத்துவிட்டு அரிசியை மறுபடி அளக்க ஆரம்பித்தால் சோறு எப்போது வேகும்? அந்தக் கதைதான்.

எங்கள் அலுவலகம் பெருங்களத்தூரில் இருந்தது. அங்கே இன்னொரு குழு, ஒரு தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனத்துக்கு மென்பொருள் செய்து கொடுத்திருந்தது. அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை சேலையூரில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில். ஃபோன் வரும், பெண்கள் ஹெட்செட்டில் பேசி விலாசத்தைத் தட்டுவார்கள், எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது என்று திரை வரைபடத்தோடு வரிசையாகக் காட்டும், முதல் வண்டியைத் தொட்டால் டிரைவருக்குச் செய்தி போய்விடும். முன்பெல்லாம் டிரைவர்களின் நம்பரை வைத்துக்கொண்டு நேரே ஃபோன் போடுவார்களாம். ஆளுக்கொரு வண்டியைப் பிடித்து அனுப்பிக் குழப்பம் ஆகிறது என்று நிர்வாகம் அந்த நம்பர்களை வாங்கிக்கொண்டது. எல்லாம் திரை வழியாகத்தான் நடக்க வேண்டும் என்று கண்டிப்பான உத்தரவு.

ரஹீமா அங்கே வேலை பார்த்தவள். கடப்பேரியில் வீடு, கணவருக்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் தையல் கடை. கூடுவாஞ்சேரி, பொத்தேரி பக்கத்து வண்டிகளையும் நிர்வாகம் அதே பட்டியலில் புதிதாகச் சேர்த்த வாரம் அது. ஒரு பிற்பகல் இரும்புலியூரிலிருந்து செந்தில் என்பவர் அவளுக்கு ஃபோன் செய்தார். அப்பாவுக்கு நெஞ்சுவலி, வியர்த்துக் கொட்டுகிறது, உடனே வண்டி வேண்டும் என்றார். ரஹீமா விலாசத்தைத் தட்டினாள். திரை அப்படியே நின்றுவிட்டது. "வண்டி தேடப்படுகிறது" என்ற எழுத்து மட்டும் இருந்தது. வண்டிகளின் பெயர் வரவில்லை. லைனில் இருங்கள், தேடிக்கொண்டிருக்கிறது என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். பட்டியல் ஒரு வழியாக வந்து, அவள் வண்டியை அனுப்பி, அது ஜிஎஸ்டி சாலை நெரிசலில் புகுந்து போய்ச் சேர்வதற்குள் அவர் அப்பா நாற்காலியிலேயே போய்விட்டார்.

செந்தில் சும்மா விடவில்லை, விடவும் கூடாது. கட்டுப்பாட்டு அறைக்கு வந்து கத்தினார். நிர்வாகம் அவரைச் சமாதானப்படுத்த கேமரா பதிவைப் போட்டுக் காட்டியது. அதில் ஒலி இல்லை. ரஹீமா ஹெட்செட்டோடு உட்கார்ந்திருக்கிறாள், உதடு அசைகிறது, இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டிருக்கிறாள். மவுஸைத் தொடவில்லை, கீபோர்டைத் தொடவில்லை. தேடிக்கொண்டிருக்கிறது என்று தன்னிடம் சொன்ன அந்த நேரம் முழுக்க அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அந்த மனிதர் பார்த்தார். தன் ஃபோனில் அந்தப் பதிவை வீடியோ எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் தாம்பரம் சுற்று வட்டாரத்தில் எல்லா வாட்ஸப் குழுவிலும் அது ஓடியது. உயிர் போகும்போது கையைக் கட்டி வேடிக்கை பார்த்த பெண் என்று கீழே ஒரு வரி. ரஹீமாவின் முகம் அதில் தெளிவாகத் தெரிந்தது.

நிறுவனம் ஒரு விசாரணை வைத்தது. விசாரித்தவர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர், அந்த அறையில் ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்த்தவரில்லை. வண்டி வராதபோது நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டார். ரஹீமா மறைக்கவே இல்லை.

"கை கட்டிகினு இருந்தேன் சார்."

அதை அப்படியே எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். அன்றைக்கே வேலை போயிற்று. போலீஸில் புகார் கொடுப்பதாகவும் பேச்சு. அதற்கு முன் மென்பொருளில் ஒன்றும் இல்லை என்று எங்கள் பக்கமிருந்து ஒரு ரிப்போர்ட் கேட்டார்கள். அந்தக் குழுவில் இல்லாதவள் என்பதால் என்னை அனுப்பினார்கள். ஒரு பக்கம் எழுதினால் போதும் என்று மேலாளர் சொல்லி அனுப்பினார்.

நானும் ஒரு பக்கம் எழுதுவதாகத்தான் மாடி ஏறினேன். வாட்ஸப்பில் அந்த வீடியோவை நானும் பார்த்திருந்தேன். என்ன பொம்பளை இவள் என்று எனக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது.

அறையில் ஒரு பெண்ணின் பின்னால் போய் நின்றேன். புதிதாகச் சேர்ந்தவள் போலிருந்தது. டயாலிசிஸுக்குப் போகிற ஒருவருக்காக ஃபோன் வந்தது, அவசரம் இல்லாத கேஸ். விலாசத்தைத் தட்டினாள், திரை நின்றது. அவள் மவுஸைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். பக்கத்து நாற்காலிக்காரி தன் ஃபோனைப் பார்த்தபடியே, தலையைக்கூடத் திருப்பாமல், "கை கட்டு, கை கட்டு" என்றாள். இந்தப் பெண் சட்டென்று இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டாள், எல்கேஜி வகுப்பில் டீச்சர் சொன்ன மாதிரி. கொஞ்ச நேரத்தில் பட்டியல் வந்தது.

எதற்கு அப்படிச் சொன்னாய் என்று பக்கத்துப் பெண்ணைக் கேட்டேன்.

"மவுஸ ஆட்டினா இன்னும் ஸ்டக் ஆவும் மேடம். கைய வெச்சுகினு இருந்தா தன்னால வந்துரும். அதான் கட்டிக்கறது. இங்க எல்லாருக்கும் தெரியுமே."

எல்லாருக்கும் தெரியும், விசாரித்தவரைத் தவிர. அந்த அறையில் கை கட்டு என்றால் வேலையை விடு என்று அர்த்தம் இல்லை. இருப்பதிலேயே வேகமான வழி அதுதான் என்று அர்த்தம். ரஹீமா தான் செய்த சரியான காரியத்தைத்தான் விசாரணையில் சொல்லியிருக்கிறாள். கேட்டவர் காதில் அது குற்ற ஒப்புதலாக விழுந்திருக்கிறது. நம் ஊரில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான் என்றால் வேறு எப்படித்தான் காதில் விழும்?

அலுவலகத்துக்கு வந்து நிரலைத் திறந்தேன். தேட வேண்டிய அவசியமே இல்லாமல் கண்ணில் பட்டது. டெம்ப்ளேட்டில், வண்டிப் பட்டியலின் தலையில், எல்லா வண்டிக்கும் தூரம் கணக்கிட்டு வரிசைப்படுத்தும் ஃபங்ஷன் அடைப்புக்குறியோடு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு வண்டியின் வரியிலும் அதே கணக்கு இன்னொரு முறை. அந்த ஃபங்ஷன் எத்தனை முறை ஓடுகிறது என்று காட்ட ஒரு எண்ணைப் போட்டுவிட்டு, அவர்கள் வைத்திருந்தது போன்ற பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஓடவிட்டு மவுஸை லேசாக நகர்த்தினேன். எண் பறந்தது. கையை எடுத்ததும் மெதுவானது, ஆனால் நிற்கவில்லை. ஓடுகிற வண்டிகள் தங்கள் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தன, ஒவ்வொரு முறையும் மொத்தக் கணக்கும் மறுபடி. புது வண்டிகள் சேர்ந்ததும் கை கட்டினாலும் தாமதம் என்ற நிலை வந்துவிட்டது. அந்த வாரத்தில்தான் செந்திலின் ஃபோன் வந்தது.

திருத்தம் எவ்வளவு பெரியது என்று கேட்பீர்கள். விலாசமோ வண்டியின் இடமோ உண்மையிலேயே மாறும்போது மட்டும், அதுவும் சற்று இடைவெளி விட்டு, கணக்குப் போட்டு விடையை எடுத்து வைத்துக்கொள். டெம்ப்ளேட் அதை மட்டும் படிக்கட்டும். சில வரிகள்தான். நான் அதை எழுதி முடித்தபோது வாங்கி வைத்திருந்த டீ ஆறக்கூட இல்லை. அதைப் பார்த்ததும் அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. பழைய வரியை எழுதியவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார், தவிர அந்த வரி எத்தனையோ பேர் கண் வழியாகப் போனதுதான். மெதுவாக இருக்கிறது என்று சேலையூரிலிருந்து புகார் வந்திருக்கிறது, எங்கள் மெஷினில் நன்றாக ஓடுகிறதே என்று பதில் போயிருக்கிறது. யாராவது மெதுவாக இருக்கிறது என்று சொன்னால், அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவர்களைக் கேளுங்கள். ஒருவர் அப்படிக் கேட்டிருந்தால் போதும், கை கட்டுவோம் என்று அன்றைக்கே சொல்லியிருப்பார்கள்.

மேலாளரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மென்பொருள் நின்றுபோகவில்லை, மெதுவாகத்தான் ஆனது, மெதுவாக இருப்பதைக் கோளாறு என்று ஒப்பந்தத்தில் எங்கும் சொல்லவில்லை என்றார். திருத்தத்தை அடுத்த வெளியீட்டில் சத்தமில்லாமல் சேர்த்துவிடலாம் என்றார். ரஹீமாவுக்கு வேலை போனதைச் சொன்னேன்.

"நம்ம பசங்க எத்தனை பேர் இந்த ஒரு கான்ட்ராக்ட்ட நம்பி இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும். அவங்க வேலைக்கு யார் பதில் சொல்றது மேடம்?"

அந்தப் பிள்ளைகளின் முகம் எல்லாம் எனக்குத் தெரியும், ரஹீமாவை நான் அதுவரை நேரில் பார்த்ததுகூட இல்லை. அன்று முழுக்க அந்த ஒரு பக்கத்தை எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் இரண்டே விஷயம் எழுதினேன். ஃபங்ஷன் தேவையில்லாமல் திரும்பத் திரும்ப ஓடியதால் திரை உறைந்தது என்பது ஒன்று. கை கட்டுவது என்றால் அந்த அறையில் என்ன அர்த்தம் என்பது இன்னொன்று. எழுதி, மேலாளரைக் கேட்காமல் எங்கள் நிறுவனம், ஆம்புலன்ஸ் நிறுவனம் இரண்டுக்கும் அனுப்பிவிட்டேன். அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். நான் ஓய்வு பெற்ற நாளில் கேக் கூட வெட்டவில்லை. போகட்டும், எனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது.

ரிப்போர்ட்டால் என்ன நடந்தது? திருத்தத்தை உடனே வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். போலீஸ் பேச்சு நின்றது. ஒப்பந்தமும் போகவில்லை, அத்தனை பயமும் வீண். ரஹீமாவுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. விசாரணை முடிந்துபோன விஷயம் என்றார்கள். செந்திலுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவர் வழக்குப் போடுவார் என்று இரண்டு நிறுவனத்துக்கும் பயம்.

தையல் கடையில் ரஹீமாவைப் போய்ப் பார்த்தேன். திரைக்குப் பின்னால், வாசலில் இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். மார்க்கெட்டுக்குப் போனால் முகத்தைப் பார்த்துவிட்டு ஃபோனைப் பார்க்கிறார்களாம். மகளைப் பள்ளிக்கூடத்தில் கைகட்டி என்று கூப்பிடுகிறார்களாம். ரிப்போர்ட்டில் எழுதியதை அவளுக்குச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்த நான் ஒரு முட்டாள். அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள்.

"அதத்தானே மேடம் நானும் மொதல்லயே சொன்னேன்? கை கட்டிகினு இருந்தேன்னு?"

தான் சொன்னது கேட்டவர் காதில் எப்படி விழுந்தது என்று அவளுக்கு அதுவரை தெரியவே இல்லை. உண்மையைச் சொன்ன பிறகும் ஏன் வேலை போனது என்று அத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். வேலை திரும்ப வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அந்த அண்ணனுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றாள். அவர் அப்பா போனபோது அவள் அவரோடு லைனில் இருந்தவள்.

இறந்தவரின் குடும்பத்தோடு நாங்கள் யாரும் பேசக் கூடாது என்று அலுவலகத்தில் எழுதியே கொடுத்திருந்தார்கள். ஓய்வுக்குச் சில மாதங்கள் இருந்தன. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு இரும்புலியூருக்குப் போனேன்.

செந்தில் கதவைத் திறந்தார். மரியாதையாக உட்காரச் சொன்னார். நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும் முகம் இறுகியது. பழைய நிரலை ஓடவிட்டு மவுஸை அவர் கையில் கொடுத்தேன். நகர்த்தச் சொன்னேன், பிறகு கையை எடுக்கச் சொன்னேன். படித்தவர், இரண்டாவது முறையே புரிந்துகொண்டார். ஆனால் அவர் முகத்தில் நிம்மதி வரவில்லை, ரத்தம்தான் வற்றியது. மவுஸைத் தள்ளி வைத்தார்.

"எங்க தெரு முனையிலேயே ஆட்டோ ஸ்டாண்டு இருக்கு மேடம். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல போயிருந்தா அப்பவே போய்ச் சேர்ந்திருக்கலாம். அவங்க தேடிக்கிட்டிருக்குன்னு சொன்னாங்க, நான் நின்னேன். அவங்க மேல தப்பு இல்லன்னா, நான் நின்னது என் தப்பாயிடுது."

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒரு உண்மையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது ஒருவரைக் காப்பாற்றும் என்று நினைத்துப் போயிருந்தேன். அது இன்னொருவரின் கழுத்தில் போய் உட்காரும் என்று யோசிக்கவில்லை. அந்த மனிதருக்கு ரஹீமா குற்றவாளியாக இருப்பது தேவைப்பட்டது. நானாக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

"அவங்க தானா எதுவும் சொல்லல தம்பி," என்றேன். "வண்டி தேடப்படுகிறதுன்னு ஸ்கிரீன்ல இருந்துச்சு. அதப் பாத்துதான் உங்ககிட்ட சொன்னாங்க. அங்க தேடல் நடக்கவே இல்ல. ஸ்டக் ஆயிடுச்சு, வேற வழி பாருங்கன்னு அந்த ஸ்கிரீன் சொல்லியிருக்கணும். சொல்லல. அத அப்படி எழுதினது எங்க கம்பெனி. திட்டறதா இருந்தா எங்களத் திட்டுங்க. அவங்களையும் திட்டாதீங்க, உங்களையும் திட்டிக்காதீங்க."

அவர் திட்டவில்லை. ஃபோனை எடுத்தார். இதை அப்படியே வீடியோவில் சொல்வீர்களா, நான் முன்னே அனுப்பின எல்லா குழுவுக்கும் இதையும் அனுப்புகிறேன் என்றார். பேரைச் சொல்லி, கம்பெனி விஷயத்தை வெளியே பேசினால் ஓய்வுக்காலப் பணத்திலேயே கை வைப்பார்கள் என்று தெரியும். எடுங்கள் என்றேன். நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து, மவுஸ், ஃபங்ஷன், கை கட்டு, எல்லாவற்றையும் யாருக்கும் புரிகிற மாதிரி விளக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் எந்த மீட்டிங்கிலும் பேசியதில்லை. அவர் என் கண் முன்னாலேயே ஒவ்வொரு குழுவாக அனுப்பினார்.

கம்பெனி என்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. அந்த வீடியோ அவர்கள் கண்ணிலேயே படவில்லை. எங்கள் காலனிக் குழுவில் ரஹீமாவின் வீடியோ எத்தனையோ முறை வந்தது, என்னுடையது ஒரு முறைகூட வரவில்லை. சில மாதம் கழித்து ரஹீமாவும் கணவரும் கடையைக் காலி செய்துகொண்டு கூடுவாஞ்சேரிக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒரு வாடிக்கையாளர் அளவு கொடுத்துக்கொண்டே, நீதானே அந்தப் பெண் என்று கேட்டாராம். ரஹீமா ஃபோனில் சொன்னாள். அவரிடம் என் வீடியோவைக் காட்ட வேண்டியதுதானே என்று எரிந்து விழுந்தேன்.

"காட்னேன் மேடம். நீங்க எல்லாம் கரெக்ட்டாத்தான் சொல்லிகீறீங்க. ஆனா உங்க வீடியோ பெருசா கீது. நான் கை கட்டினது சின்ன வீடியோ, ஒரு தபா பாத்தா புரிஞ்சுடுது. இத யாரும் முழுசா பாக்க மாட்டாங்க."